சாலமாண்டவருக்கு ஒரு பொங்கல்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்ட வாரத்தில், ஒரு வியாழக்கிழமை மூன்றாவது பீரியடில், கீழப்பாறைக்குளம் பள்ளிக்கூடத்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினேழு பேருக்கும் வால் முளைத்தது. அதற்கு முந்தின பீரியடு கணக்கு. அதில் யாருக்கும் ஒன்றும் முளைக்கவில்லை.

சந்தனமேரி டீச்சருக்கு எதையும் செய்துகாட்டித்தான் நடத்த வரும். பூவைப் பற்றிய பாடமென்றால் பிள்ளைகள் இதழாக விரிய வேண்டும், நீராவி என்றால் பெஞ்சின் மேலேறி மிதக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை தவளை முட்டையை நடத்தியபோது பதினேழு பேரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு, சர்பத்தில் ஊறின சப்ஜா விதை மாதிரி ஒருத்தரோடொருத்தர் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். வியாழக்கிழமை டீச்சர் குளத்திலிருந்து பாட்டிலில் பிடித்துவந்த தலைப்பிரட்டைகளை மேசைமேல் வைத்து, "இதுக்கு இப்போ கை கிடையாது, கால் கிடையாது, வால்தான் எல்லாம். எங்க, எல்லாரும் தலைப்பிரட்டையா ஆகுங்க பாப்போம்" என்றார்கள். டீச்சர் சொல்லைத் தட்டாத பிள்ளைகள். ஆனார்கள்.

"நான் ஆகச் சொன்னதென்னமோ வாஸ்தவம்," என்று டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்கள், "இவ்வளவு ஆவீங்கன்னு நினைக்கல."

அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, ஒருத்தர் வாலை ஒருத்தர் மிதிக்காமல் கொஞ்சம் தள்ளித்தள்ளி உட்கார்ந்து, முட்டையும் சாதமும் சாப்பிட்டார்கள். தலைமையாசிரியர் பதிவேட்டில் 'ஐந்தாம் வகுப்பு, வருகை பதினேழு' என்று எழுதி, கொஞ்சம் யோசித்துவிட்டுப் பக்கத்திலேயே 'வால் பதினேழு' என்றும் எழுதினார். நாளைக்கு ஆய்வுக்கு யாராவது வந்தால், மறைத்தான் என்ற பேச்சு வரக்கூடாது பாருங்கள்.

தவளைக்கு வால் நிலைக்காது, கால் வந்ததும் போய்விடும், மிச்சப் பாடத்தை நடத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று டீச்சர் பெற்றவர்களிடம் தைரியம் சொல்லியனுப்பினார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை மழைக்கு லீவு விட்டார்கள். திங்கள்கிழமை டீச்சரைப் பத்து நாள் பயிற்சிக்கு டவுனுக்கு வரச்சொல்லித் தாள் வந்துவிட்டது. பாடம் வாலோடு நின்றுவிட்டது.

வாலென்றால் குரங்கு வாலில்லை, மாட்டு வாலில்லை. மேலும் கீழும் மெல்லிசாகத் துடுப்புப் பிடித்து, வெண்டைக்காய் நறுக்கின கை மாதிரி வழுவழுவென்று, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப்பக்கம் மங்கலாகத் தெரிகிற பழுப்பு வால். ஊருக்குத் தகராறெல்லாம் அளவில்தான். பிறந்ததிலிருந்து "வாலு, வாலு" என்றே பேரெடுத்த செல்லப்பாண்டிக்கு மிளகாய்க் காம்பு நீளத்துக்குத்தான் முளைத்திருந்தது. "இம்புட்டுதானா? இதுக்கா இந்த ஊரே எம்பிள்ளைய அந்தச் சொல்லு சொல்லுச்சு?" என்று அவன் அம்மா நடுத்தெருவில் நின்று நியாயம் கேட்டாள். இருக்கிற இடம் தெரியாமல் இருக்கிற பூரணிக்கோ ஒரு முழமும் ஒரு சாணும்.

பூரணியின் அம்மா ஆவுடைச்செல்வி பீடி சுற்றுகிறவள். மடியில் இலை பரப்பின சொளகை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாளென்றால் கை இலையைச் சுருட்டும், வாய் ஊரைச் சுருட்டும். அவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசத் தெருவில் ஆள் பற்றாது. அப்படிப்பட்டவள் வயிற்றில் பிறந்தது, பத்து வயதாகியும் ஒரு நாளைக்கு ஏழெட்டு வார்த்தைக்கு மேல் வெளியே விடாது. ஊமையெல்லாம் இல்லை. பள்ளிக்கூடத்தில் "உள்ளேன் டீச்சர்" என்று உதட்டுக்குள்ளேயே சொல்லும். ஒருமுறை "அம்மா, பாம்பு" என்றும் சொல்லியிருக்கிறது, அதுவும் பாம்பு போன பிறகு. ஆவுடை வசம்பை உரைத்து நாக்கில் தடவிப் பார்த்துவிட்டாள், பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டாள். நாக்கில் ஒரு குறையுமில்லை, பேச விருப்பமிருந்தால் பேசும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வைத்ததைத் தின்றுவிட்டு எழுந்துபோகிற பிள்ளை. தோசை பிடிக்குமா, இட்லி பிடிக்குமா, அம்மாவையாவது பிடிக்குமா என்று எதுவும் தெரியாமல் பத்து வருடமாகச் சோறு போட்டு, தலை பின்னி, குளிப்பாட்டி அனுப்புகிற ஒருத்திக்கு உள்ளே எப்படி அரிக்கும் என்பது, ஓயாமல் நச்சரிக்கிற பிள்ளையைப் பெற்றவர்களுக்கு ஒருநாளும் விளங்காது.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் பூரணி நனைந்துகொண்டு வந்து நின்றபோது ஆவுடை துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினாள், பிறகு வாலையும் துவட்டினாள். "ஏட்டி, தலைய மட்டும் துவட்டுனாக் காணுமா? இதுலதான் அம்புட்டுத் தண்ணியும் நிக்கி." பிறகு தட்டில் தோசையை வைத்தாள். வால் நனைந்த கயிறாய்த் தரையில் கிடந்தது. காலையில் மிஞ்சின இட்லி ரெண்டை எடுத்து வைத்தாள். வாலின் நுனி எழுந்தது. மிளகாய்ப் பொடியில் நல்லெண்ணெயை விட்டுக் குழைத்தாள். அவ்வளவுதான், வால் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் வீசின வீச்சில் சொளகு பறந்து பீடியிலையெல்லாம் அடுக்களையில் சிதறிற்று.

"இட்லியாட்டி?" ஆவுடை தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பத்து வருசமா இட்லியா?"

வால் இன்னொரு வீசு வீசியது. ஆவுடை அப்போதே உளுந்தை ஊறப்போட்டாள்.

ஊரும் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. தையல்காரர் மூக்கையா யூனிபாரத்துக்கெல்லாம் பின்னால் ஓட்டை வைத்து, ஓரத்தில் நூல் பிரியாமல் காஜா அடித்துக் கொடுத்தார். சட்டைக்குக் காஜா, வாலுக்குக் காஜா, ரெண்டு ரகம் என்று கடைவாசலில் எழுதியும் வைத்தார். பஸ் கண்டக்டர் "படியில நிக்காத" என்பதோடு "வாலை உள்ள இழு" என்பதையும் சேர்த்துக்கொண்டார். நர்ஸம்மா வந்து பதினேழு பேருக்கும் குடற்புழு மாத்திரை கொடுத்தாள். தலைவலி என்று போனாலும் அவளிடம் அதுதான். கொசு அடிக்க வால் வாட்டமாக இருந்தது. தொட்டிலுக்குப் பக்கத்தில் அக்காக்காரியை உட்காரவைத்தால் கைப்பிள்ளைக்கு விசிறின மாதிரியும் ஆயிற்று.

ஒரே ஒரு தொந்தரவுதான். வாலுக்குப் பொய் வராது. பிள்ளை வாயால் "நான் எடுக்கல" என்று சொல்லும், பின்னால் அது சுருண்டுகொள்ளும். பிள்ளை சொல்கிற பொய்யோடு நின்றாலும் பரவாயில்லை. செல்லப்பாண்டியின் அப்பா, "கடையில ஒரு டீ குடிச்சேன், வேற ஒண்ணுமில்ல" என்று வாசற்படி ஏறும்போதெல்லாம் மகனின் மிளகாய்க் காம்பு டொக்டொக்கென்று சுவரில் அடித்தது. "எப்ப வருவாளாம் அந்த டீச்சரு?" என்று அந்த மனுஷன் போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்க ஆரம்பித்தான்.

ஆவுடைக்கோ டீச்சர் வராமலிருந்தால் தேவலை. அவள் வால்மொழியை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துவிட்டாள். நுனி மட்டும் ஆடினால் சரி. அடியிலிருந்து ஆடினால் ரொம்பச் சரி. தரையில் அடித்தால் கோபம். சுருண்டால் வெட்கம். பூரணிக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டதையெல்லாம் இப்போது பின்னால் போய் உட்கார்ந்து கேட்டாள். "சிவப்புச் சட்டையா, பச்சையா?" பச்சைக்கு ஆடியது. "அம்மா சீரியல் பாக்கட்டா, நிறுத்தட்டா?" தரையில் அடித்தது. ஒருநாள் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு, "அம்மாவப் பிடிக்குமாட்டி?" என்று கேட்டாள். வால் மெள்ள எழுந்து அவள் மணிக்கட்டைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றி விட்டது. ஆவுடை அந்தக் கையால் அன்றைக்கு முழுக்கப் பீடி சுற்றவில்லை.

அக்கம்பக்கமும் வர ஆரம்பித்தது. "ஏ மைனி, உம்மவ வாலுகிட்டக் கேளேன், நாளைக்கு நெல்லு காயப்போடலாமா?" என்பாள் ஒருத்தி. ஆவுடை பிள்ளையின் முதுகுப்பக்கம் குனிந்து கேட்டுச் சொல்வாள். பூரணி நடுவில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, சாமி தூக்குகிற சப்பரம் மாதிரி, சாமி யாரென்று தனக்கே தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருக்கும்.

டீச்சர் போன ஒன்பதாம் நாள் ராத்திரி ஆவுடைக்குத் தூக்கம் கெட்டது. பாடம் முடிந்தால் வால் போய்விடும். வால் போனால் மறுபடியும் கல்லுப்பிள்ளை. பாடம் எப்படித்தான் முடிகிறது பார்ப்போம் என்று காலையில் பூரணியின் புத்தகத்தை எடுத்தாள். ஆவுடை அதே பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள், எழுத்துக்கூட்டாமலே வாசிப்பாள். நீரிலும் நிலத்திலும் வாழ்கிறதால் தவளைக்கு 'இருவாழ்வி' என்று பேர் போட்டிருந்தது. பக்கத்துவீட்டு மைனி, "பொறந்த வீட்டுல பாதி, புகுந்த வீட்டுல பாதி, நாமளும் அதுதான் போ" என்றாள். பாடத்தின் கடைசியில் கட்டம் கட்டி ஒரு வரி: 'சாலமாண்டர் போன்றவற்றுக்கு வளர்ந்த பின்னும் வால் உண்டு.' 'போன்றவற்றுக்கு' இருந்த இடத்தில் மழைத்தண்ணி பட்டு ஊறிப்போயிருந்தது. மிச்சத்தை ஆவுடை வாசித்தாள்: சாலமாண்டர். வளர்ந்த பின்னும் வால் உண்டு.

"யாருட்டி இது சாலமாண்டர்?" என்றாள் மைனி.

"ஏதோ சாமி மாதிரில்லா இருக்கு."

"எப்படிச் சொல்லுத?"

"கடைசியில 'ர்' போட்டிருக்கு பாரு. தவளைக்கு 'ர்' போட்டிருக்கானா? பல்லிக்குப் போட்டிருக்கானா? புத்தகம் போட்டவன் படிச்சவன், மரியாதை இல்லாமலா போடுவான்? சாலம்-ஆண்டவர். வேகமாச் சொன்னா சாலமாண்டர்."

மைனி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆண்டவரென்றால் நேர்ச்சை உண்டு. ஆவுடை அன்றே மஞ்சத்துணியில் காசு முடிந்து வைத்தாள். 'சாலமாண்டவரே, என் பிள்ளை வால அவகிட்டயே விட்டுரும், உமக்குச் சக்கரைப் பொங்கல் வைக்கேன்.' கோயில் எந்த ஊரில் என்று யாருக்கும் தெரியாததால், வால்சாமிக்குத் தண்ணிக்கரைதான் தோதென்று அன்று சாயங்காலமே குளக்கரையில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தார்கள். நேர்ச்சை ஆவுடையுடையது, வேடிக்கை ஊருடையது. பொங்கல் பொங்கினபோது பெண்கள் குலவையிட்டார்கள். குளத்துக்குள்ளிருந்து தவளையெல்லாம் பதில் குலவை போட்டன.

சர்ச்சு உபதேசியார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். "அம்மா, அது ஆண்டவர் இல்ல. சாலமோன். ராஜா. ஞானி. அவருக்கு வாலெல்லாம் கிடையாது."

"நீங்க பாத்தீங்களா அய்யா?" என்றாள் ஆவுடை.

உபதேசியார் நியாயமான மனுஷர். கொஞ்சம் யோசித்தார். "பாத்தேன்னு சொல்ல முடியாது" என்று இலையை ஏந்திப் பொங்கலை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை பஸ்ஸில் சந்தனமேரி டீச்சர் வந்து இறங்கினார்கள். நிறுத்தத்தில் ஊரில் பாதி நின்றது, முதல் ஆளாகச் செல்லப்பாண்டியின் அப்பா. எல்லாரையும் தள்ளிக்கொண்டு ஆவுடை முன்னால் வந்தாள்.

"டீச்சர், எல்லாப் பிள்ளைக்கும் நடத்துங்க. எம்பிள்ளைக்கு மட்டும் நடத்தாதீங்க. அவ சாலமாண்டவர் பிள்ளை. நேத்துத்தான் பொங்கல் வச்சேன்."

டீச்சர் ரெண்டாம் தடவை கேட்டு, மூன்றாம் தடவை கேட்டு, பிறகு பஸ் நிறுத்தத்துக் கல்லில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். "ஆவுடை, அது சாமியில்லம்மா. அது ஒரு பிராணி. பல்லி மாதிரி உருவம், தவளைக்குச் சொந்தக்காரன். நம்ம பக்கமே கிடையாது, வடக்க டார்ஜிலிங் மலைல இருக்கு. அதுவும் முட்டையில இருந்துதான் வரும், தண்ணிலதான் வளரும். ஆனா பெருசானாலும் வால் போகாது."

"எந்தச் சாமிக்குத்தான் டீச்சர் ஒரு பிராணி இல்ல? பிள்ளையாருக்கு எலி இல்லையா? போகாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அந்தப் பிராணியா அவள ஆக்கிவிடுங்க, எனக்கு அது போதும்."

டீச்சர் சிரிப்பை நிறுத்தினார்கள். "ஏம்மா? பெரியவளாகிற பிள்ளை. நாளைக்கு ஒரு இடத்துக்குப் போக வர வேண்டாமா?"

ஆவுடை பதில் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. அப்படி இறங்கி ஊர் கேட்டதில்லை. "வாலு போச்சுன்னா எனக்கு அவ இல்ல டீச்சர். பத்து வருசம் சுவத்தோடதான பேசிட்டு இருந்தேன். இப்பதான் ஒரு பதினஞ்சு நாளா எனக்குன்னு ஒரு மவ இருக்கா."

நிறுத்தத்தில் நின்றவர்கள் குடையைச் சரிசெய்துகொண்டார்கள். டீச்சர் ஆவுடையின் தோளில் கைவைத்து, "வா. வந்து ஜன்னல்ல நின்னு பாரு. நான் ரெண்டையும் நடத்துறேன். எது ஆகணும்னு அவளே சொல்லட்டும்" என்றார்கள்.

"அவ எங்க டீச்சர் சொல்லுவா? வாலுதான் சொல்லும்."

மூன்றாவது பீரியடு வந்தது. டீச்சர் கரும்பலகையில் வட்டமாகப் படம் போட்டார்கள். முதலில் பின்கால், அப்புறம் முன்கால் என்றதும் பிள்ளைகள் தங்கள் காலையும் கையையும் ஒருமுறை உதறிப் பார்த்துக்கொண்டார்கள். அதெல்லாம் ஏற்கனவே இருந்தது. "இனிமே வால். வால் அறுந்து விழாது, கேட்டுக்கோங்க. கொஞ்சங்கொஞ்சமா உடம்புக்குள்ளேயே போயிரும். அந்தச் சமயத்துல தவளை இரை தேடாது. அதோட வாய் அப்பதான் புதுசா மாறுது. அதுவரைக்கும் அந்த வால்தான் அதுக்குச் சாப்பாடு." செல்லப்பாண்டி தன் மிளகாய்க் காம்பைத் திரும்பிப் பார்த்து, "டீச்சர், எனக்கு ஒரு வேளைக்குக்கூடக் காணாதே" என்றான். பிறகு டீச்சர் சாலமாண்டர் படத்தைப் பக்கத்தில் வரைந்தார்கள். வால் நீளமாக, அழகாக வந்தது. "இது இப்படியே இருக்கும். தப்பில்ல. இதுவும் ஒரு வாழ்க்கைதான். தவளை ஆகிறவங்க கையத் தூக்குங்க."

பதினாறு கை எழுந்தது. பூரணி கையை மடியில் வைத்திருந்தாள்.

"பூரணி, நீ சாலமாண்டரா?"

வகுப்பே அவள் வாலைப் பார்த்தது. டீச்சரும் வாலைத்தான் பார்த்தார்கள். ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு ஆவுடை, சாலமாண்டவரே சாலமாண்டவரே என்று முணுமுணுத்தபடி வாலைப் பார்த்தாள். நுனி ஆடவில்லை. சுருளவில்லை. தரையில் அடிக்கவில்லை. ஒரு முழமும் ஒரு சாணும் அப்படியே செத்த மாதிரிக் கிடந்தது.

"வேண்டாம் டீச்சர்."

யார் சொன்னதென்று எல்லாரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்சம் கரகரத்த, கனத்த குரல். அப்படியொரு குரல் அந்த வகுப்பில் கிடையாது. டீச்சர்தான் முதலில் பார்வையை மேலே கொண்டுவந்தார்கள்.

"எனக்குத் தவளைதான் வேணும்" என்றாள் பூரணி. "எங்க அம்மா வாலையேதான் பாக்கா. நான் இங்கன இருக்கேன், அவ பின்னாடி உக்காந்து அதுகிட்டப் பேசுதா. ஊர்க்காரங்களும் அதுகிட்டதான் பேசுதாங்க. நேத்துக்கூட அதுக்குத்தான் பொங்கல். எம்மூஞ்சிய யாருமே பாக்க மாட்டேங்காங்க."

சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினாள்.

ஆவுடை ஜன்னல் கம்பியிலிருந்து நெற்றியை எடுத்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. அவள் குடையை விரிக்காமலே வீட்டுக்கு நடந்தாள்.

அன்றிலிருந்து பதினேழு வீட்டிலும் பிள்ளைகள் சோற்றைத் தள்ளிவைத்தன. டீச்சர் சொல்லித்தான் விட்டிருந்தார்கள், ஆனால் எந்தத் தாய் கேட்பாள்? தெருவெல்லாம் "ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்ற கெஞ்சலாகக் கேட்டது. நர்ஸம்மா மறுபடியும் குடற்புழு மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள். செல்லப்பாண்டிக்கு ராத்திரிச் சோற்றுக்கே பசி வந்துவிட்டது, அவன் அப்பா அன்றைக்கு ரெண்டு டீ குடித்தான். மற்றவர்களுக்கு ரெண்டு நாள், மூன்று நாள். பூரணிக்கு ஆறு நாள். முழம் சாணாயிற்று, சாண் விரற்கடையாயிற்று. ஆவுடை பின்னால் போய் உட்காரவில்லை. எங்கே பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கையைப் பார்த்தாள், சொளகைப் பார்த்தாள், ஒருநாள் முழுக்கச் சும்மா இருந்தாள். அவள் சும்மா இருந்ததில் தெருவுக்கே காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது.

ஏழாம் நாள் மத்தியானம் பூரணி வந்து தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆவுடை சோற்றுப்பானையோடு அவளுக்கு எதிரே, முன்பக்கமாக உட்கார்ந்து பார்த்தாள். பிள்ளைக்கு மூக்கு அவள் அப்பா மூக்கு, அது தெரியும். இடது புருவத்துக்கு மேலே தழும்பு, அதுவும் தெரியும். ஆனால் சோற்று ஆவி முகத்தில் பட்டதும் அந்த மூக்கு ரெண்டு பக்கமும் லேசாக விரிந்ததையும், விரிந்ததை யாரும் பார்த்துவிடக்கூடாதென்று கீழுதடு மேலே ஏறி மூடிக்கொண்டதையும், அதையும் மீறிக் கன்னத்தில் ஒரு குழி வந்து போனதையும் அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். ரொம்பச் சரி என்று வால் எப்படி ஆடுமோ, அதேபோல அந்த முகம் முழுக்க ஆடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா அப்படி முழிக்க?"

"பாக்கேன்ட்டி."

"பாத்தது போதும். சோத்தப் போடு."

ஆவுடை கண்ணை எடுக்காமலே கரண்டியைக் கவிழ்த்தாள். சோறு முழுக்கத் தட்டுக்கு வெளியே விழுந்தது.